25 வருஷ க்ளென்ஃபார்க்ளஸ், எப்படி குடிக்கறது?

அபர்டீன்வாசி:
வணக்கம் மக்களே, ஆஃபீஸ்ல ரிட்டயர் ஆன ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர் போறப்ப க்ளென்ஃபார்க்ளஸ் 25ன்னு ஒரு ஸ்காட்ச் விஸ்கி பாட்டில் கையில திணிச்சுட்டுப் போயிட்டார். நான் இதுவரைக்கும் சோடா, கோக் ஊத்தாம ஒரு வாய் குடிச்சதில்ல. இதை ராவா அடிச்சா தொண்டை எரியாதா? இல்ல பேசாம இன்னும் 15 வருஷம் அலமாரில வெச்சா 40 வருஷ சரக்கு ஆயிடுமா? சிரிக்காதீங்க, நிஜமாவே தெரியாம தான் கேக்கறேன்.

பீப்பாய்ப்பிரியன்:
ஆகாது ப்ரோ 😀 வயசு ஏறுறதெல்லாம் ஓக் பீப்பாய்க்குள்ள இருக்கற வரைக்கும் தான், பாட்டில்ல அடைச்சதும் அப்படியே நின்னுடும். 25ன்னு போட்டிருந்தா உள்ள கலந்ததுலயே இளசான சரக்குக்கு 25 வயசுன்னு அர்த்தம். ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு சுமாரா 2% பீப்பாய்லருந்து ஆவியா போயிடும், தேவதைங்க பங்குன்னு சொல்லுவாங்க, பழசு ஏன் இந்த விலைன்னு இப்ப புரியுதா? பாட்டிலை ஒயின் மாதிரி படுக்க வைக்காதீங்க, கார்க் பாழாயிடும்.

வாய் குறுகின கிளாஸ்ல கொஞ்சமா ஊத்தி ஒரு 20 நிமிஷம் சும்மா விடுங்க. மோந்து பாக்கறப்ப வாயை லேசா திறந்து வெச்சுக்கோங்க, இல்லன்னா ஆல்கஹால் நெடி மூக்குல ஏறிடும். முதல் வாய் நாக்கைப் பழக்கறதுக்கு, ரெண்டாவதுல தான் ருசியே. அப்புறம் ஸ்பூன்ல ரெண்டு மூணு சொட்டு தண்ணி. ஐஸ் போட்டா வாசனை அடங்கிடும், வேண்டாம்.

தீவுப்புகை:
புகை வாசனைக்கு காத்திருந்து ஏமாறாதீங்க, அது லகவூலின், லஃப்ரோய்க் மாதிரி ஐலா தீவு சரக்குல வரும், பார்லியை பீட் (சதுப்பு நிலத்துல மக்கின செடிகொடி மண்) எரிச்ச புகையில காய வைக்கறதால. உங்களோடது ஸ்காட்லாந்துல ஸ்பேசைடு வட்டாரத்து சரக்கு, ஒலரோசோ ஷெர்ரிங்கற ஸ்பானிஷ் ஒயின் இருந்த பீப்பாய். ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க, வயசு கூடக்கூட உசத்தின்னு இல்ல, ரொம்ப நாள் மரத்துலயே கிடந்தா கஷாயம் மாதிரி துவர்ப்பு வந்துடும். எனக்கு இதே கம்பெனி 15 வருஷ சரக்கு தான் பிடிக்கும், ஆல்கஹால் 46%, ஒரு உறைப்பு இருக்கும்.

அபர்டீன்வாசி:
நேத்து திறந்தாச்சு!! முதல் வாய்ல ஒண்ணும் புரியல. ரெண்டாவதுல உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், கடைசில நீங்க சொன்ன அந்த துவர்ப்பு, ஆனா எனக்குப் பிடிச்சிருந்தது, எரியவே இல்ல. ரெண்டாவது கிளாஸ்ல கை தவறி ஒரு ஸ்பூன் தண்ணி விழுந்து சப்புன்னு போச்சு, வயிறு எரிஞ்சது அப்பதான். காலைல காலி கிளாஸை மோந்து பாத்துட்டு வீட்டுக்காரம்மா கிறிஸ்துமஸ் கேக் வாங்கினியான்னு கேக்கறா. திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

பீப்பாய்ப்பிரியன்:
முக்கால்வாசி இருந்தா மாசக்கணக்குல தாங்கும், வெயில் படாம வைங்க. கால்வாசிக்கு வந்துட்டா காத்து பட்டு மங்கிடும், முடிச்சுடுங்க.