பதில்: மலையோரத்தில் மானுக்குப் பயிர் போடும் யோசனை

எல்லாருக்கும் வணக்கம்.

டெக்சாஸில் இருக்கும் நம் ஊர்த் தம்பி எழுதியதைப் படித்தேன். மலையடிவாரத்தில் ரெண்டு ஏக்கர் கொல்லையைக் குத்தகைக்குப் பிடித்து, கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்து, மானுக்கும் மயிலுக்கும் விட்டுவிடலாம் என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் நம் ஊருக்குச் சரிப்படாது.

இங்கே ஒஹாயோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் இதைச் செய்கிறார். மண் பரிசோதனை, புளிப்பு குறையச் சுண்ணாம்பு, அப்புறம் குளோவர் என்கிற தீவனப் பயிர் விதைப்பு. நடுவில் கம்பிவலையை உருளையாக வளைத்து நிறுத்தியிருக்கிறார். வலைக்குள் குளோவர் முழங்கால் உயரம். வெளியே மான் மேய்ந்து தரையோடு தரை. அதைப் பார்த்துத்தான் பயிர் போதுமா என்று கணக்குப் போடுகிறார். வேட்டை சீசன் வந்தால் அதே இடத்தில் துப்பாக்கியோடு உட்காருவார், அதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் வனவிலங்குச் சட்டம் மான் வேட்டையைத் தடுப்பதால் அந்தப் பேச்சே இல்லை. நாம் வரவழைப்போம், அவ்வளவுதான்.

மான் மட்டுமா வரும்? மல்லாட்டை (நிலக்கடலை) காய் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால், விடிந்து பார்க்கையில் கொல்லை ஏர் ஓட்டினது போலக் கிடக்கும். யானையைப் பற்றிக் குடியாத்தம், பேரணாம்பட்டு ஆட்களைக் கேளுங்கள். 1980களில் ஓசூர்ப் பக்கத்து யானைகள் ஆந்திர எல்லையோரக் கவுண்டன்யா காட்டுக்கு வந்து தங்கியதிலிருந்து வாழைக்கும் மாந்தோப்புக்கும் நிம்மதி இல்லை. நம் கொள்ளுப் பயிரைத் தின்று முடித்த மிருகம் வரப்போடு நின்றுவிடாது. ராத்திரி காவல் இருக்கப்போவதும் நாமில்லை.

பறவைக்குச் செய்வோம், ஊரை ஒட்டி, மலையை விட்டுத் தள்ளி. ஓடைப் புறம்போக்கில் ஆல், அரசு, அத்தி, நடுநடுவே நாவல். நாவல் ஆனி ஆடியோடு முடிந்துவிடும். ஆலும் அத்தியும் மரத்துக்கு மரம் வேறு வேறு மாதத்தில் பழுப்பதால், நாலைந்து மரம் இருந்தாலே மைனா, குயில், பச்சைப்புறாவுக்கு ஏதாவது ஒன்றில் பழம் கிடைக்கும். ஏரிக்கரை மேல் மட்டும் ஆல் வேண்டாம், வேர் கரையைப் பிளக்கும்.

கன்றே வாங்க வேண்டாம். கை கனத்துக்கு ஆலம்போத்து (ஆலமரக் கிளைத் துண்டு) வெட்டி, மேல்முனையில் சாணி அப்பி, ஆவணி மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். ஆடு கடிக்காமல் சுற்றி முள் கட்ட வேண்டும். வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்)தான் ஓடை முழுக்க இருக்கிறதே, அதையே வெட்டிக் கட்டலாம், அதுவும் ஒழிந்த மாதிரி ஆச்சு.

செலவு முள் கட்டும் கூலியும், ரெண்டு கோடைக்குத் தண்ணீரும். குத்தகைக்கு ஒதுக்கச் சொன்ன பணத்தை இதற்குத் திருப்பலாமா என்று எழுதுங்கள். ஊராட்சித் தீர்மானத்துக்கு ஊரில் இருக்கும் பெரியவர் யாராவது அலைய வேண்டியிருக்கும், பெயர் சொல்லுங்கள்.