புதுப்பிப்பு: மாதிரி எஞ்சின் லைனரில் நீர்க்கசிவு நின்றது

சிங்காநல்லூரில் வீட்டுப் பட்டறையில் நான் செய்த ஒற்றை சிலிண்டர் மாதிரி எஞ்சினில், வார்ப்பிரும்பு லைனரின் (பிஸ்டன் ஓடும் உள்குழாயின்) அடிவழியாகக் குளிர்விப்பு நீர் ஆயிலில் கலப்பதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சிலிக்கான் பசை இரண்டாம் ஓட்டத்திலேயே உரிந்துவிட்டது. பலன் தந்தது, நீரை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சொன்ன கணபதி லேத் பட்டறை நண்பரின் யோசனைதான். லைனரைக் கழற்றியபோது, ரிங்கின் ஒரு பக்கம் பிளேடால் சீவியதுபோல் மெல்லிய நாராகத் தொங்கியது. அலுமினிய பிளாக்கின் துளை விளிம்பு கூராக இருந்ததே காரணம் என்பதால், அதை லேத்தில் 15 பாகை சாய்வாகக் கடைந்து, நைட்ரைல் ரப்பரைவிட அதிக வெப்பம் தாங்கும் வைட்டான் ரப்பர் ரிங்கைச் சிலிக்கான் கிரீஸ் தடவி இறக்கினேன். எதிர்பாராத ஒன்று: மேல் விளிம்பில் இட்ட, காற்றுப்படாமல் இறுகும் அனேரோபிக் பசை, அலுமினியத்தில் மெதுவாகவே இறுகும் என்பதால், மறுநாளும் ஈரமாகவே இருந்தது, இரண்டு நாள் விட வேண்டியதாயிற்று. இப்போது அரை மணி நேரம் ஓட்டிய பின்னும் ஆயில், நீர் கலந்ததுபோல் வெளுக்கவில்லை.