சிங்கப்பூரில் மொழியைக் காட்டி வேலை மறுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது? சிறு நிறுவன விலக்கை நீக்கும்படி யாரிடம் கேட்பது?

இளங்கோ, உட்லண்ட்ஸ்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை கணக்கு உதவியாளராக ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவள். சென்ற மாதம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். கணக்கு மென்பொருளில் பழக்கமும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்த அனுபவமும் மட்டுமே விளம்பரத்தில் கேட்கப்பட்டிருந்தன. இரண்டும் அவளுக்கு உண்டு. பத்து நிமிடம் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்த மேலாளர், "மாண்டரின் பேசுவீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் பேனாவை மூடி, அவளுடைய சான்றிதழ்களைப் பார்க்காமலேயே மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டாராம். இரண்டு வாரம் கழித்து அதே விளம்பரம், ஒரு சொல்கூட மாறாமல், மீண்டும் வந்திருந்தது.

வேலையிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது என்பதை அறிவேன். ஆனால் 25 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கு என்கிறார்கள். அந்த நிறுவனத்தில் 18 பேர்தான். அப்படியானால் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் என் தங்கையைப் போன்றவர்கள் அதற்கு வெளியேதான் நிற்பார்கள். எங்கள் புளோக்கில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து இந்த விலக்கை நீக்கும்படி கேட்க விரும்புகிறோம். அமைச்சுக்கு எழுதுவதா, நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பதா, சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்தை அணுகுவதா? தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழியாயிற்றே (ஆட்சிமொழி), வழக்கே தொடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய தொழிற்சங்கத்தார்:

தம்பி இளங்கோ, முதலில் உங்கள் தங்கையின் விவகாரத்தை முடித்துவிட்டுப் பிறகு சட்டத்துக்கு வாருங்கள். விலக்கு புதிய சட்டத்துக்குத்தான். நியாயமான வேலைவாய்ப்பு நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 18 பேர் உள்ள நிறுவனத்துக்கும் இன்றைக்கே பொருந்தும். குறிப்பிட்ட மொழி தேவை என்றால் அந்த வேலைக்கு அது ஏன் தேவை என்று நியாயப்படுத்த வேண்டும் என அந்நெறிமுறைகள் கூறுகின்றன. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 2006இல் அமைத்த முத்தரப்புக் கூட்டணியிடம் புகார் கொடுங்கள். அவர்கள் நிறுவனத்தை அழைத்து விசாரிப்பார்கள். மீறல் உறுதியானால் வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதிச் சலுகைகளை மனிதவள அமைச்சு முடக்க முடியும். சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்கு அது சிறிய அடி அன்று. உங்கள் தங்கைக்கு இழப்பீடு கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புகாரில் மனவேதனையைக் குறைத்து, நடந்ததைக் கூட்டி எழுதுங்கள். நேர்முகத் தேர்வு நடந்த தேதி, நேரம், கேட்கப்பட்ட கேள்வியின் சொற்கள், அழைப்பு வந்த வாட்ஸ்அப் செய்தி, இரண்டு விளம்பரங்களின் திரைப்படிமங்கள் ஆகியவை போதும். நினைவு மங்குவதற்கு முன் அவரே கைப்பட எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது நல்லது. முப்பது ஆண்டுகள் சங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேதி இல்லாத குறையை எந்த அதிகாரியாலும் மேலே நகர்த்த முடியாது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அந்நாளிதழ் வழியாகத் தமிழர்களைப் பதிவு செய்துகொள்ளும்படி ஓயாமல் வற்புறுத்தினார். துறைமுகத்தில் வேலை பார்த்த என் தகப்பனார் அப்படித்தான் வரிசையில் போய் நின்றார். பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் கேட்கும் உரிமை வரும் என்று அவர் சொல்வதுண்டு.

சட்டம் பயின்றவள்:

வழக்கு, அதிபர் மன்றம் இரண்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாக்கிக் குடிமக்களைப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. ஆயினும் அது சட்டங்களையும் பொது அமைப்புகளின் நியமனங்களையும் கட்டுப்படுத்துகிறதே அன்றி, தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. 153அ பிரிவால் தமிழ் அதிகாரத்துவ மொழி ஆனது. நாடாளுமன்றத்தில் தமிழில் பேச 53ஆம் பிரிவு இடம் தருகிறது. அலுவலகம் ஒன்று வேறு மொழி கேட்பதை இப்பிரிவுகள் தடுக்காது. 1970இல் உருவான அதிபர் மன்றத்தின் முதன்மைப் பணி, நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாக்கள் எந்த இனத்தவருக்கோ சமயத்தவருக்கோ பாதகமாக உள்ளனவா என்று ஆராய்வது. தனிமனிதர் புகாரை விசாரிக்கும் இடம் அது அன்று.

எனவேதான் புதிய சட்டம் முக்கியமாகிறது. இனம், சமயம் ஆகியவற்றோடு மொழித்திறனையும் அது பாதுகாக்கிறது. தகராறுகளை முதலில் சமரசத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தீராவிட்டால் 250,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான கோரிக்கைகளை வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும் என 2025 நவம்பரில் இரண்டாவது மசோதா நிறைவேறியது. 2027 இறுதிக்குள் இவை நடைமுறைக்கு வரும் என அறிவித்திருக்கிறார்கள். விலக்கு இருந்தாலும் ஊழியர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் இச்சட்டத்தின் கீழ் வருவார்கள் என்று அரசாங்கம் கூறியுள்ளது. நீங்கள் பேச வேண்டியது எஞ்சிய கால்வாசிப் பேருக்காக.

ஒரு வேண்டுகோள். மாண்டரின் கேட்பதே தவறு என்று எழுதிவிடாதீர்கள். பணிக்கு உண்மையிலேயே தேவையான மொழியைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் தேடும்போது நாமும் தமிழ் கேட்கத்தானே செய்கிறோம். ஆங்கிலத்தில் உள்ள விலைச்சீட்டுகளைச் சரிபார்க்கும் கணக்கு வேலைக்கு அது எதற்கு, அந்தத் தேவையை முதலாளி எங்கே எழுதிக் காட்டினார் என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும்.

மக்கள் சந்திப்புத் தொண்டூழியர்:

நான் ஒரு தொகுதியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் கடிதம் எழுதும் தொண்டூழியன். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம் இது. இன்றும் வாரந்தோறும் மாலையில் எண் வாங்கிக் காத்திருந்து உறுப்பினரைப் பார்க்கலாம். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்தக் குறைக்குக் கடிதம் கேட்பார்கள். கொள்கை மாற்றம் கேட்பவர்கள் மிகக் குறைவு. அவ்வாறு வருபவர்கள் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தால் உறுப்பினர் அதைத் தனியே எடுத்துவைத்துப் படிக்கிறார் என்பதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கோரிக்கைகளை வைக்கலாம். முதலாவது, மனிதவள அமைச்சரிடம் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி. வாய்மொழிப் பதில் வேண்டுமானால் ஏழு முழு நாள்களுக்கு முன்பே கேள்வி பதிவாக வேண்டும். சிறு நிறுவனங்கள்மீது முத்தரப்புக் கூட்டணிக்கு வந்த மொழி தொடர்பான புகார்கள் எத்தனை என்று கேட்டால், பதில் நாடாளுமன்ற அறிக்கையில் ஏறிவிடும். விலக்கை மறுஆய்வு செய்யும்போது யாரும் அதைத் தவிர்க்க முடியாது. இரண்டாவது, வரவு செலவுத் திட்டத்தை ஒட்டி அமைச்சு வாரியாக நடக்கும் விவாதத்தில் பேசும்படி கேட்பது. அதற்கு டிசம்பரிலேயே உங்கள் தாள் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் வழியாகப் பொது மனு கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் ஏழு கையொப்பத்தோடு அதைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பொறுமை தேவை. இல்லப் பணிப்பெண்களுக்கு வார விடுப்பு கேட்டு 2008இல் தன்னார்வ அமைப்புகள் இயக்கம் தொடங்கின. 2013 ஜனவரியில்தான் அது விதியானது. அப்போதும் முதலாளிகள் பணம் கொடுத்து ஈடுகட்டலாம் என்ற விலக்கு இருந்தது. மாதத்தில் குறைந்தது ஒரு நாளை விடுப்பாகவே கொடுக்க வேண்டும், அதைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது என்ற நிலை 2023இல் வந்தது. விலக்கு சுருங்கியதற்குக் காரணம், கேட்டவர்கள் முதல் வெற்றியோடு வீட்டுக்குப் போய்விடாததுதான்.

இளங்கோ, உட்லண்ட்ஸ்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி தங்கை இன்றிரவு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் விளம்பரத்தின் திரைப்படிமம் அவளிடம் இல்லை. கூட விண்ணப்பித்த தோழியின் கைப்பேசியில் இருக்கிறதாம், நாளை வாங்கிவிடுவோம். "மாண்டரின் கேட்பது தவறு" என்று தொடங்கிய எங்கள் வரைவின் முதல் பத்தியை அடித்துவிட்டேன். புகார் எண் கிடைத்ததும் அதையும் அந்த ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொண்டு உறுப்பினரைப் பார்க்கச் செல்கிறோம்.