ஏழு பக்கப் பகடை: எல்லா எண்ணும் சமமா விழுமுங்களா?

பவானிக்கரை:
போர்டு கேம் ஒண்ணுக்கு 1 முதல் 7 வரை விழற பகடை வேணுமுங்க. ஆன்லைன்ல ஐங்கோணப் பட்டகமா ஒண்ணு கிடைக்குது: ரெண்டு முனையிலும் ஐங்கோணம், சுத்தி அஞ்சு செவ்வகம். பக்கமெல்லாம் ஒரே வடிவமா இல்லையே, எண்கள் சமமா விழுமுங்களா? வீட்டுலயே சோதிக்க வழி உண்டா? பித்தளையில செஞ்சுக்கலாமா?

கணக்கு வாத்தியார்:
சந்தேகம் சரிதானுங்க. 4, 6, 8, 12, 20 பக்கப் பகடைகள்ல எந்தப் பக்கத்தை இன்னொரு பக்கம் இருந்த இடத்துக்குத் திருப்பி வெச்சாலும் உருவம் அச்சா பொருந்தும். 10 பக்கமும் அப்படித்தான். 2016ல வந்த 120 பக்கத்துல பாதிப் பக்கங்களுக்குத் திருப்பினா மட்டும் போதாது, கண்ணாடி பிம்பமா மாத்தினாத்தான் பொருந்தும், ஆனாலும் எல்லாப் பக்கமும் சமந்தான். பொருள் சீரா இருந்தா, எந்தத் தரையில உருட்டினாலும் எண்கள் சமமா விழும்.

ஐங்கோணப் பட்டகத்துக்கு அந்த உறுதி கிடையாது. செவ்வகம் அஞ்சும் தங்களுக்குள்ள சமம், ஐங்கோணம் ரெண்டும் தங்களுக்குள்ள சமம். இந்த ரெண்டு கூட்டத்துக்கும் பங்கு பிரிக்கறது பட்டகத்தோட நீளம். ஒரு நீளம் சரியா அமைஞ்சாலும் அது ஒரு தரைக்குத்தான். சிமெண்ட் தரையில துள்ளி விழறப்ப ஒரு பங்கு, ஜமுக்காளத்துல விழறப்ப வேற பங்கு.

அதனால விளையாடப் போற இடத்துலயே 700 தடவை உருட்டுங்க. ஐங்கோணத்துல படுத்தது எத்தனைன்னு மட்டும் முதல்ல எண்ணுங்க. 200 வரணும், 176 முதல் 224 வரை இருந்தா ஏத்துக்கலாம். அதுக்கு மேல போனா பட்டகம் குட்டை, ஒண்ணும் பண்ண முடியாது. குறைஞ்சா நீளம் அதிகம்: கண்ணாடி மேல 400 நம்பர் எமரி ஷீட் விரிச்சு ரெண்டு முனையையும் ஒரே அளவு தேய்ச்சு, மறுபடி 700 உருட்டுங்க.

அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும், விழுந்த எண்ணிக்கையில 100 கழிச்சு, வர்றத வர்க்கமாக்கி, 100ஆல வகுத்து, ஏழையும் கூட்டுங்க. 12.59 தாண்டினா சந்தேகப்படணும். நல்ல பகடையே நூத்துக்கு அஞ்சு தடவை தாண்டும், அதனால இன்னொரு சுத்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உப்புத்தண்ணியில மிதக்க விடற சோதனை உள்ள இருக்கற காத்துக்குமிழியைத்தான் காட்டும், அளவுப் பிசகைக் காட்டாது.

அவசரத்துக்கு 8 பக்கப் பகடை போதும். 8 விழுந்தா திரும்ப உருட்டுங்க. ஏழுக்கும் சமவாய்ப்பு.

கணபதி பட்டறை:
பித்தளைன்னா தாயக்கட்டை வழிதானுங்க சரி. நீளமா இருக்கறதால முனையில நிக்காது, நீளப் பக்கமெல்லாம் ஒரே அளவு. நாலுக்குப் பதிலா ஏழு பக்கம் வெட்டினா ஆச்சு.

12 மி.மீ. ரவுண்டு ராடு, 40 மி.மீ. நீளம். ரெண்டு முனையையும் லேத்துல கூம்பாக்கச் சொல்லுங்க, நிக்கற பேச்சே இல்லை. மில்லிங்ல 40க்கு 1 டிவைடிங் ஹெட்டுன்னா (கைப்பிடியை 40 சுத்து சுத்தினா ராடு ஒரு சுத்து திரும்பற கருவி), பக்கத்துக்குக் கைப்பிடி 5 முழு சுத்து, அதோட தட்டுல இருக்கற 21 துளை வட்டத்துல 15 துளை தூரம். 0.6 மி.மீ. ஆழம் வெட்டினா பக்கம் 5.2 மி.மீ. அகலம் வரும். சுத்தறப்ப ஒரே திசையில சுத்துங்க. பின்னாடி திருப்பினா கியர் லூஸ் புகுந்து கடைசிப் பக்கம் ஒல்லியாயிடும். வெர்னியர்ல ஏழு அகலத்தையும் அளந்து பாருங்க. பிசிறை எல்லா விளிம்பிலும் ஒரே அளவு எடுக்கணும்.

பவானிக்கரை:
ஏழு பக்கம்னா மேல விளிம்புதானே வரும், எண்ணை எப்படிப் படிக்கறதுங்ணா?

கணபதி பட்டறை:
ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு எண். அதை விளிம்போட ரெண்டு சரிவுலயும் லேசாப் பொறிச்சுடுங்க. உருண்டு தூரம் ஓடும், ஓரம் கட்டின மரத்தட்டுல உருட்டுங்க.