இன்டர்வியூவுக்கு கோட் சூட், ஐயாயிரத்துக்குள் முடியுமா?

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு ஹோட்டல் வேலைக்கு இன்டர்வியூ, கோட் சூட்டில்தான் வரவேண்டும் என்று மெயிலிலேயே போட்டுவிட்டார்கள். கையில் இருப்பது 5,000 ரூபாய், அதற்குள்ளேயே ஷூவும் வாங்க வேண்டும். நேற்று தி.நகரில் ஒரு கடையில் 3,500 ரூபாய்க்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், தோள் இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை வெளியே தொங்கியது, மாமாவின் கல்யாணக் கோட்டைக் கடன் வாங்கிய மாதிரி இருந்தது. ஆல்டர் பண்ணிக்கலாம் என்றார் கடைக்காரர். எங்கள் தெரு டெய்லரோ, கை நீளம், இடுப்பு எல்லாம் பிடித்துத் தருகிறேன், தோளில் மட்டும் கை வைக்கச் சொல்லாதே தம்பி என்று கும்பிடு போட்டுவிட்டார்.

பாரிமுனை கோடவுன் தெருவில் துணி எடுத்துத் தைத்தால் கட்டுப்படியாகுமா? தையல் கூலி துணி விலையைத் தாண்டிவிடும் என்கிறார்களே, உண்மையா? வாடகைக்கு விசாரித்ததில் எல்லாம் பளபளா ரிசப்ஷன் கோட்டுதான், அதைப் போட்டுக்கொண்டு போனால் பொண்ணு எங்கே என்று கேட்பார்கள்.

கருநீலமோ சாம்பலோ போதும். அப்புறம், என் சட்டை அளவு 38, ஆள் ஒல்லி. சென்னையில் நியாயமாகக் கூலி வாங்கும் கோட் டெய்லர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.