மில்காஸ் நிறுத்தப்பட்டுவிட்டது: இப்போதே வாங்குவதா, பொறுப்பதா?

பச்சைக்கண்ணாடி

காந்தத்தைத் தாங்கும் மில்காஸ் வாட்சின் தயாரிப்பை ரோலக்ஸ் 2023-இல் நிறுத்தியது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனியின் வாட்சுகளில் எனக்கு ஆசை வந்தது இது ஒன்றின் மீதுதான். கறுப்பு டயல், ஓரத்தில் பார்த்தால் பச்சை ஒளிரும் சபையர் கண்ணாடி, மின்னல் கீற்றுபோல வளைந்த ஆரஞ்சு நிற செகண்ட் முள். மாடல் எண் 116400ஜிவி. இனி அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் புதிதாகக் கிடைக்காது. வெளிச்சந்தையில்தான் தேட வேண்டும்.

தேடியதில் இரண்டு அகப்பட்டன. முதலாவது ஒரு தனியார் டீலரிடம் இருக்கிறது. வாரன்ட்டி கார்டில் 2023 தேதி. கையில் கட்டவே இல்லை, ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை என்கிறார். இரண்டாவதைத் தனிநபர் ஒருவர் விற்கிறார். 2016 கார்டு உண்டு, பெட்டி இல்லை, செயினில் கீறல்கள் இருக்கின்றன, விலை நன்றாகவே குறைவு. எதை எடுக்கலாம்? அல்லது விலை இறங்கும்வரை பொறுக்கலாமா? கட்டிக்கொள்ளத்தான் வாங்குகிறேன், பெட்டகத்தில் பூட்ட அல்ல.

விட்டால்போச்சு

பொறுக்காதீங்க சகோ. 2023-தையே எடுத்துருங்க.

தயாரிப்பு நின்ன அன்னிக்கே எண்ணிக்கை முடிஞ்சு போச்சு. இனிமே அது குறையத்தான் செய்யும். ஒண்ணு தொலையும், இன்னொண்ணு திருட்டுப் போகும், வேறொண்ண பாலிஷ் போட்டே தேச்சிருப்பாங்க, கார்டு ஒரு பக்கம் வாட்ச் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போயிருக்கும். முழு செட்டா, கை படாம இருக்கறது வருஷா வருஷம் அரிதாகும். ரோலக்ஸோட பச்சை சப்மரைனர் 116610எல்வி மாடலைப் பாருங்க. 2020 செப்டம்பர்ல நிறுத்துனாங்க, வெளிச்சந்தை விலை எங்கயோ போச்சு. பத்தெக் பிலிப் கம்பெனியோட நாட்டிலஸ் 5711 மாடலை 2021 தொடக்கத்துல நிறுத்தப் போறாங்கன்னு தெரிஞ்ச உடனே விலை எப்படி எகிறுச்சுன்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அப்போ "பொறுப்போம்"னு சொன்னவங்கள்ல பலர் இன்னும் வாங்கல.

நிதானம்

நண்பரே, அந்த இரண்டு உதாரணங்களும் இங்கே பொருந்தாது.

2020-லிருந்து 2022 தொடக்கம்வரை சொகுசு வாட்ச் சந்தை முழுவதுமே ஏறியது. நிறுத்தப்பட்டதும் ஏறியது, நிறுத்தப்படாததும் ஏறியது. 2022-இன் முதல் சில மாதங்களில் உச்சம் தொட்டு அப்புறம் இறங்கியபோது 5711-உம் சேர்ந்தேதான் இறங்கியது. ஆக, அந்த ஏற்றத்தை முழுவதும் "நிறுத்தம்" என்ற ஒரே காரணத்தின் கணக்கில் எழுத முடியாது.

மில்காஸின் கதையே வேறு. முதல் மில்காஸ் 1956-இல் வந்தது, அப்போது வாங்க ஆளில்லை. 1988-இல் அட்டவணையிலிருந்து எடுத்தார்கள். 2007-இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். தொடக்க கால மில்காஸான 6541 மாடல் இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகிறதென்றால், அன்று விற்காததால் மிகச் சிலதான் மிஞ்சியிருக்கின்றன என்பதே காரணம். 116400 குடும்பம் 2007 முதல் 2023 வரை, பதினாறு ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. அதில் பெரும்பகுதிக் காலம் ரோலக்ஸின் டேடோனா, சப்மரைனர்போலக் காத்திருப்புப் பட்டியலில் தவம் கிடக்க வேண்டிய மாடலாகவும் அது இல்லை. உலகெங்கும் பல பேர் கையில் இருக்கிறது. இன்று விட்டால் இனி கிடைக்காது என்பது விற்பவரின் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு, வாங்குபவரிடமிருந்து அல்ல.

இன்னொன்று. விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை. விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள். ஒரு மாடலை நிறுத்தியதும் முதலில் ஏறுவது கேட்கும் விலைதான். அந்த விலையில் மாதக்கணக்காக அசையாமல் கிடக்கும் விளம்பரங்களே சந்தை நிலவரத்தைச் சொல்லிவிடும்.

விட்டால்போச்சு

விற்பவரின் பேச்சுன்னு ஒரே போடா போட்டுட்டீங்க. நான் டீலர் இல்ல, வாட்ச் கட்டுறவன்.

விலைய விடுங்க, நிலைமையப் பத்திப் பேசுவோம். நீங்க சொன்ன பதினாறு வருஷச் சரக்குல 2010 வாட்ச், 2012 வாட்ச் எல்லாம் இன்னிக்கு என்ன நிலையில இருக்கு? நிறுத்துன கையோட வாங்குறவனுக்கு ஒரே ஒரு லாபம்தான், அது பெரிய லாபம்: கடைசியா வந்த, தேயாத வாட்ச் இப்பத்தான் கிடைக்கும். அதோட ரோலக்ஸ் வாரன்ட்டி அஞ்சு வருஷம். 2023 கார்டுன்னா 2028 வரைக்கும் கம்பெனியே பொறுப்பு. 2016 கார்டு 2021-லயே முடிஞ்சாச்சு. ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒரு தடவ சர்வீஸ் பண்ணுங்கன்னு ரோலக்ஸே சொல்லுது. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தா "விலை குறைவு" எவ்வளவு மிஞ்சும்?

சுழல்வில்

வாட்ச் பழுது பார்ப்பது என் தொழில். மில்காஸைத் திறந்து வேலை பார்த்திருக்கிறேன். விலை ஏறுமா இறங்குமா என்பதில் எனக்குக் கருத்தில்லை. ஆனால் இரண்டு பேரும் கார்டையும் தேதியையும் பிடித்துக்கொண்டு வாட்சை விட்டுவிட்டீர்கள்.

முதலில் "கட்டாதது" என்ற சொல். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டலாம், புது ஸ்டிக்கரும் வெளியில் கிடைக்கிறது. அது எதற்கும் சாட்சி ஆகாது. வாரன்ட்டியும் கார்டில் எழுதிய தேதியிலிருந்து ஓடும், நீங்கள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அல்ல. அதாவது பெட்டியில் கிடந்த காலத்தின் வாரன்ட்டிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் வளையங்களுக்கும் எண்ணெய்க்கும் வயது ஏறத்தான் செய்யும். சில ஆண்டுகளில் கெட்டுப்போகாது என்பது உண்மைதான். ஆனால் கட்டாமல் இருந்ததால் இயந்திரம் மேலானது என்று எதுவும் இல்லை.

இனி மில்காஸுக்கே உரிய சங்கதிகள். இதன் உயிர், இயந்திரத்தைச் சுற்றியிருக்கும் காந்தத் தடுப்பு உறை. இரும்புக் கலவையால் ஆனது, இரண்டு பாகம். ஒன்று இயந்திரத்தோடு, மற்றது கேஸோடு திருகப்பட்டிருக்கும். காந்தப்புலம் அந்த உறை வழியாகவே சுற்றிப் போய்விடுவதால் நேரத்தைச் சீராக வைத்திருக்கும் உள்ளே இருக்கிற சுருள்வில் அதனால் பாதிக்கப்படாது. உறையின் மேல் ஓர் அம்புக்குறியும் காந்தப்புலத்தைக் குறிக்கும் 'பி' எழுத்தும் பொறித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பின்மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே 3131 இயந்திரம், பாராக்ரோம் என்ற ரோலக்ஸின் சொந்த உலோகக் கலவையில் செய்த நீல நிறச் சுருள்வில். போலிகளை வெளிப்பார்வையில் பிடிப்பது வரவர கடினமாகிவிட்டது. திறந்து பார்ப்பதை விட்டால் வேறு உறுதியான வழி எனக்குத் தெரியாது.

பச்சைக் கண்ணாடி பற்றி ஓர் எச்சரிக்கை. இன்றைய ரோலக்ஸ் கண்ணாடிகளில் ஆறு மணிக் குறிக்குச் சற்று மேலே, கம்பெனி முத்திரையான பொடிக் கிரீடம் ஒன்று லேசரில் பொறித்திருக்கும். ஜிவி மாடலின் பச்சைக் கண்ணாடியில் அது கிடையாது. "கிரீடம் தெரிகிறது, அசல்தான்" என்று யாராவது காட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடிக்கு வெளிச்சந்தைக் கண்ணாடி மாற்றியவையும் சுற்றுகின்றன.

மூன்றாவது பாலிஷ். மில்காஸின் பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம், வழவழப்பானது, செயினின் நடுக்கண்ணிகளும் பளபளப்பானவை. இப்படிப்பட்ட வாட்சில் கீறல் சட்டென்று விழும், பாலிஷ் போட்டதை மறைப்பதும் சுலபம். கோடுகள் இழைத்த மேற்பரப்பு என்றால் தவறான கை பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடிபோன்ற மேற்பரப்பு காட்டிக்கொடுக்காது. அதனால் செயின் பொருந்தும் நான்கு காதுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே பருமனா, விளிம்பு கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். கீறல் நிறைந்த 2016 வாட்ச் ஒருமுறைகூட பாலிஷ் படாததாக இருக்கலாம். அப்படியானால் அதன் உலோகம் முழுதாக இருக்கிறது. பளபளவென்று இருப்பதை விட நான் அதைத்தான் மதிப்பேன்.

காந்தமலை

எல்லோரும் எப்படி வாங்குவது என்பதிலேயே நிற்கிறீர்கள். ஏன் இந்த வாட்ச் என்று யாருமே கேட்கவில்லையே?

மில்காஸ் தாங்குவது 1,000 காஸ். காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு, மில் என்றால் பிரெஞ்சில் ஆயிரம். பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஒமேகா 2013-லேயே இரும்பு உறை எதுவும் இல்லாமல், உள்பாகங்களை மட்டும் மாற்றி 15,000 காஸுக்கு மேல் தாங்கும் வாட்சைக் கொண்டுவந்துவிட்டது. இன்று அவர்களின் சாதாரண அட்டவணை வாட்சிலேயே அந்த வசதி வருகிறது. கடைக்குப் போய்ப் புதிதாகவே வாங்கலாம், முழு வாரன்ட்டியோடு. ரோலக்ஸும் காந்தத்துக்கு அசையாத சுருள்வில்லைத் தன் மற்ற மாடல்களில் போட ஆரம்பித்துவிட்டது. தனியாக உறை போட்ட வாட்ச் எதற்கு என்ற கேள்வி அவர்களுக்கே வந்திருக்கும். நிறுத்தியதற்குக் காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, ஆனால் தொழில்நுட்பம் போன திசை வெட்டவெளிச்சம். காலாவதியான ஒன்றுக்கு நிறுத்தப்பட்டதற்கான கூடுதல் விலையையும் ஏன் சுமக்க வேண்டும்?

பச்சைக்கண்ணாடி

கேள்வி நியாயமானது, பதில் சொல்கிறேன் தோழி. 1,000 காஸ் என்பது 0.1 டெஸ்லா. எம்ஆர்ஐ அறையில் இருப்பது 1.5 டெஸ்லாவும் அதற்கு மேலும். அங்கே எந்த வாட்சையும் கட்டிக்கொண்டு போகப் போவதில்லை. காந்தத் தடுப்பு எனக்குத் தேவை என்பதற்காக இதைத் தேடவில்லை. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்னில் இருந்த விஞ்ஞானிகளை மனத்தில் வைத்துச் செய்தது, அதற்கென்றே ஓர் உறை, அதைச் சொல்ல ஒரு மின்னல் முள். ஒரு வேலைக்காகப் பிறந்த பொருள் என்பது அதன் உருவத்திலேயே தெரிகிறது. ஒமேகா மேலான வாட்சாகவே இருக்கட்டும், என் மனம் அதைக் கேட்கவில்லை.

நிதானம்

அந்தப் பதிலை முழுதாக ஏற்கிறேன். ஆசைப்பட்ட ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கினால் தேடல் நிற்காது.

ஆனால் அந்த ஆசையே அவசரமாக மாறிவிடக் கூடாது. மூன்றாவது வழி ஒன்றை யாரும் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் ரோலக்ஸ் தானே சரிபார்த்துச் சான்று தரும் பழைய வாட்ச் திட்டத்தைத் தொடங்கியது. அங்கீகரிக்கப்பட்ட டீலர்கள் வழியாக வருகிறது, இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. தொடங்கும்போது மூன்று வயதாவது ஆன வாட்சுகளை மட்டுமே எடுத்தார்கள். மில்காஸ்கள் அந்த வழியில் வரும். போலியா, திருட்டா, உள்பாகம் மாற்றியதா என்ற பயமே இல்லை.

விட்டால்போச்சு

பயம் இல்லதான், விலை? சான்றுக்குத் தனியா ஒரு தொகை ஏத்தித்தான் விப்பாங்க. அதோட சரிபார்க்கிற சாக்குல பாலிஷ் போட்டு அனுப்புனா, சுழல்வில் சார் சொன்ன "முழு உலோகம்" எங்க மிஞ்சும்?

சுழல்வில்

அது சரியான கேள்வி. சான்றுத் திட்டத்தில் வாங்கினாலும் பாலிஷ் போட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீரியல் நம்பர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2010 வாக்கிலிருந்து ரோலக்ஸ் சீரியல் எண்களை வரிசையாகத் தருவதில்லை, கலைத்துத் தருகிறது. "எண்ணைப் பார்த்தே வருஷம் சொல்கிறேன்" என்று இந்த வாட்சுக்கு யாரும் சொல்ல முடியாது. கார்டில் இருப்பதும் விற்ற தேதிதான், செய்த தேதி அல்ல. பத்தெக் பிலிப்போல, தன் பழைய பதிவேட்டைப் பார்த்து ஆவணக் குறிப்பு எழுதித் தரும் வழக்கம் ரோலக்ஸுக்குக் கிடையாது. ஆகவே டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் பொறித்த எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அதே எண்ணை வைத்து தி வாட்ச் ரெஜிஸ்டர்போன்ற திருட்டுப் பதிவேட்டிலும் தேடச் சொல்லுங்கள். எண் ஒத்துப்போகிறது என்பதாலேயே அசல் ஆகிவிடாது, அசல் எண்ணைப் பொறித்த போலியும் உண்டு. மீண்டும் சொல்கிறேன், திறந்து பார்க்க வேண்டும்.

பச்சைக்கண்ணாடி

இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். தனிநபர் விற்பனையாளர் ரோலக்ஸ் சர்வீஸ் சென்டருக்கே நேரில் வருகிறாராம். அங்கே திறந்து பார்த்து, அவர்கள் சரி என்ற பிறகு பணம் கொடுத்தால் போதும் என்கிறார். ஒருமுறைகூட பாலிஷ் போடவில்லை என்கிறார், காதுகளின் படங்களும் அனுப்பியிருக்கிறார். விளிம்புகள் கூராகத்தான் தெரிகின்றன. டீலரோ திறக்க முடியாது என்கிறார். திறந்தால் "கட்டாதது" என்ற மதிப்பு போய்விடுமாம். வேறு ஆள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், நாளைக்குள் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

நிதானம்

நாளைக்குள் சொல்லச் சொன்னால் இன்றே "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சோதிக்க விடாமல், யோசிக்கவும் நேரம் தராமல் விற்க வேண்டிய அவசியம் நல்ல வாட்சுக்கு இல்லை.

விட்டால்போச்சு

கெடு வெச்சது எனக்கும் பிடிக்கல. ஆனா திறக்க மாட்டேன்னு சொல்றதுல தப்பில்ல சார். கட்டாத வாட்சைத் தேடுறவங்க திறந்ததுக்கு அந்த விலை தர மாட்டாங்க, அவர் நட்டப்பட முடியுமா? அதுக்கு வழி இருக்கு. பணத்தை மூன்றாம் ஆள் கணக்குல போடச் சொல்லுங்க. வாங்குன பிறகு நீங்களே சர்வீஸ் சென்டர்ல குடுத்துப் பாக்கறீங்க, சரியில்லன்னா வாட்ச் அவருக்கு, பணம் உங்களுக்கு. இத எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. அதுக்கும் அவர் மறுத்தா நானே வேண்டாம்னு சொல்லுவேன். ஒத்துக்கிட்டா இப்பவும் என் ஓட்டு 2023-க்குத்தான். 2028 வரைக்கும் இருக்கிற வாரன்ட்டிய வேற யாரும் உங்களுக்குத் தரப் போறதில்ல.

சுழல்வில்

அந்த நிபந்தனை நல்ல நிபந்தனை. என் கை 2016 பக்கம்தான் போகிறது, கட்டிக்கொள்ள வாங்குகிறேன் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டீர்கள். கட்டாத வாட்சுக்கென்று கொடுக்கும் கூடுதல் பணம், முதல் நாள் கையில் கட்டியதுமே போய்விடும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது மூன்று கேளுங்கள்: கண்ணாடி கம்பெனியுடையதா, காந்த உறையின் இரு பாகங்களும் இருக்கின்றனவா, தண்ணீர் அழுத்தச் சோதனையில் 100 மீட்டருக்குத் தேறுகிறதா. முழு சர்வீஸ் செய்யச் சொன்னால் பாலிஷ் வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது. கம்பெனி சர்வீஸுக்கும் இரண்டு ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள், அந்தச் செலவை விலை பேசும்போது கழித்துக் கேளுங்கள்.

பச்சைக்கண்ணாடி

டீலருக்கு அந்த நிபந்தனையை எழுதி அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை. சனிக்கிழமை சர்வீஸ் சென்டரில் 2016-ஐப் பார்க்கிறோம். உறை, கண்ணாடி இரண்டின் படங்களையும் அன்று மாலை இங்கே போடுகிறேன். சுழல்வில் சார், பார்த்துச் சொல்லுங்கள்.