கரையேற்றிய படகும் முட்டும்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

தூத்துக்குடி மெக்கானிக்:

எங்கள் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சின் இறக்குவது, பலகை மாற்றுவது, கலப்பத்து பார்ப்பது (பலகை இடுக்குகளை அடைப்பது), பெயிண்ட் என்று ஒரு வருட வேலையை எல்லாரும் அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். எந்த பெயிண்ட் நிற்கும், எந்த ரெசின் நல்லது என்று டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுவோம். அத்தனை டன் படகு எதன்மேல் நிற்கிறது என்று மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

நான் எஞ்சின் வேலை பார்த்துக்கொண்டிருந்த யார்டில், பக்கத்து வரிசையில் ஒரு மரப்படகு ஏற்றியிருந்தார்கள். ஏராவுக்கு, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரத்துக்கு, அடியில் கட்டை நன்றாகத்தான் கொடுத்திருந்தார்கள், பக்கவாட்டில் சாயாமல் தாங்கும் முட்டுக் கம்புகளும் போதுமான அளவு இருந்தன. ஆனால் அந்த இடம் பழைய பள்ளத்தை மண் கொட்டி மூடிய இடம். காய்ந்திருக்கும்போது கல் மாதிரி இருக்கும். இரவு இடியோடு கோடை மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தால் இடது பக்க முட்டுகளின் கால் மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கி, படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வலது பக்கம் முட்டுக்கும் பலகைக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி. அடித்து வைத்த ஆப்பு ஒன்று தெறித்து அப்பால் கிடந்தது. மரம் மெதுவாக முனகுகிற சத்தம் வேறு.

பெயிண்டர் பையன் ஒருவன் டப்பாவை எடுக்கிறேன் என்று அடியில் போகப் பார்த்தான். அங்கிருந்த ஆசாரி போட்ட சத்தத்தில் யார்டே திரும்பிப் பார்த்தது. “டப்பா கெடக்கட்டும்டா, வெளிய வா!”

அப்புறம் அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். சாய்ந்த பக்கத்து முட்டு எதையும் தொடவிடவில்லை, நிமிர்த்தவும் அவசரப்படவில்லை. முதலில் அகலமான பலகைகளைத் தரையில் பரப்பி, அதன்மேல் புது முட்டுகளைப் பழையதற்குப் பக்கத்திலேயே, படகுக்குள்ளே வங்குக் கால் (விலா எலும்பு மாதிரி இருக்கும் குறுக்குச் சட்டம்) வருகிற இடமாகப் பார்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் படகுக்குள் நின்ற மழைத்தண்ணீரை வெளியேற்றச் சொன்னார். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன், அதுவும் சாய்ந்த பக்கமே ஓடிச் சேரும், மேலும் சாய்க்கும். தண்ணீர் போன பிறகு ஏராவுக்கு அடியில் ஜாக்கி வைத்து இரண்டு நூல் (கால் அங்குலம்) தூக்குவது, பலகையைச் செருகுவது, ஆப்பு அடிப்பது, எதிர்ப்பக்கம் போய் முட்டைச் சரிபார்ப்பது, மறுபடி இரண்டு நூல். மதியம் தாண்டிவிட்டது. முதலாளி ஒரே மூச்சில் கிரேனை வைத்துத் தூக்கிவிடலாமே என்று கேட்டதற்கு, “பெல்ட்டு மாட்ட அடியில எவன் போவான்? நீங்க போறீங்களா மொதலாளி?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஜாக்கியை ஏரா தவிர வேறெங்கும் வைக்கவிடவில்லை என்பதையும் கவனித்தேன். எடையைத் தாங்குவது ஏராவுக்கு அடியில் இருக்கிற கட்டைதான். முட்டுக்கு ஒரே வேலை, சாயாமல் பிடித்துக்கொள்வது. முட்டே எடை தாங்க ஆரம்பித்துவிட்டால் கட்டை இறங்கிவிட்டது, இல்லை மண் போய்விட்டது என்று அர்த்தம்.

துபாயிலிருந்து:

அண்ணே, நான் இங்கே ஒரு படகு யார்டில் இருக்கிறேன், பெரும்பாலும் பாய்மரப் படகும் சொகுசுப் படகும்தான் வரும். இங்கே மர முட்டுக்குப் பதில் இரும்பு ஸ்டாண்ட், மேலே திருகு, நுனியில் பலகை. முப்பது அடிப் படகு என்றால் பக்கத்துக்கு மூன்று, முன்னால் அணியத்துக்கு ஒன்று, இதற்குக் குறைத்து எங்கள் யார்டில் வைக்க மாட்டார்கள். முக்கியமான விஷயம் சங்கிலி. இடது ஸ்டாண்டையும் அதற்கு எதிரே இருக்கிற வலது ஸ்டாண்டையும் படகுக்கு அடியில் சங்கிலி போட்டு இணைத்துவிடுவோம். படகு அழுத்துகிற அழுத்தத்தில் ஸ்டாண்ட் வெளிப்பக்கமாக நகரத்தான் பார்க்கும், மழை பெய்யாவிட்டாலும் நகரும். அதிர்வு போதும்.

பலகை படகின் வளைவுக்கு ஒட்டி முழுதாகப் படிய வேண்டும். ஓரம் மட்டும் பட்டால் அந்த இடத்தில் ஃபைபர் உள்ளே அமுங்கும். ஒருமுறை ஓனர் ஒருவர் வந்து, கேபின் கதவு சாத்த மாட்டேன் என்கிறது, வெயிலில் மரம் உப்பியிருக்கும், சீவிக் கொடுங்கள் என்றார். எங்கள் ஃபோர்மேன் கதவைத் தொடவே இல்லை, நேரே கீழே இறங்கிப் போய் ஸ்டாண்டைப் பார்த்தார். யாரோ ஒன்றை மட்டும் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டிருக்கிறார்கள், படகின் உடம்பே கோணியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஆளை நிறுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். அடுத்த நாள் கதவு தானாகச் சாத்தியது.

ஷமால் என்கிற வடமேற்குக் காற்று அடிக்கிற பருவத்தில் தினமும் ஒரு சுற்று போய் ஒவ்வொரு ஸ்டாண்டையும் கையால் தட்டிப் பார்ப்போம். தளர்ந்தது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கன்னியாகுமரிப் பக்கம், ஃபைபர் படகு:

எங்களுக்கு இவ்வளவெல்லாம் கிடையாது. மேற்குக் கடலில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, முழு மழையும் அப்போதுதான். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம், வள்ளத்துக்கு அடியில் பழைய டயரும் மணல் மூட்டையும். தண்ணீர் போகிற அடைப்பானை எடுத்துவிட்டு அணியத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் மழைத்தண்ணீர் பின்னால் வழிந்து போய்விடும். என் மச்சான் வள்ளத்தில் அடைப்பானை எடுத்துத்தான் வைத்திருந்தான், ஆனால் அணியம் தாழ்ந்து கிடந்தது. தண்ணீர் முன்னால் தேங்கி, மணல் அரித்து, வள்ளம் மூக்கைப் புதைத்துக் கிடந்தது. டயர் வைத்திருந்ததால் அடி உடையவில்லை.

நாகை:

எல்லாம் சரி, தார்ப்பாய் பற்றி யாராவது சொல்லுங்கள். நாங்கள் கயிற்றை முட்டிலேயே கட்டிவிடுகிறோம், பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

துபாயிலிருந்து:

வேண்டாம் அண்ணே, தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். காற்றில் தார்ப்பாய் உப்பும்போது கயிறு முட்டைத்தான் இழுக்கும். இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். இந்தப் பக்கக் கயிற்றை அடி வழியாகக் கொண்டுபோய் அந்தப் பக்கக் கயிற்றோடு முடியுங்கள், இல்லை மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். ஏணியையும் முட்டில் சாய்க்காதீர்கள்.

தூத்துக்குடி மெக்கானிக்:

நாகைக்காரர் கஜா அடித்ததைப் பார்த்தவர், 2018 நவம்பரில் அங்கே கரையில் கிடந்த படகுகள் என்ன பாடு பட்டன என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. புயலுக்குப் படகிலிருந்து தரைக்குக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும், முட்டை மட்டும் நம்பினால் நடக்காது. மே மாதக் கச்சான் காற்றுக்கே எங்கள் பக்கம் மேலே ஓட்டுகிறவர் கூண்டு உள்ள படகு ஆடும்.

கீழே பெயிண்ட் அடிக்க முட்டை மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று: புதியதைக் கொடுத்து ஆப்பு இறுகிய பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று. அதேபோல் எஞ்சினை இறக்கினால் பின்பக்க எடை ஒரேயடியாகக் குறையும், அன்றே எல்லா ஆப்பையும் ஒருமுறை பாருங்கள்.

ஷாப்ட் நேர் பார்ப்பதைப் பற்றியும், அதாவது எஞ்சினும் புரொப்பெல்லர் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றியும், ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டைமேல் நிற்கும்போது பார்த்த அளவை நம்பி போல்ட்டை இறுக்கி முடிக்காதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் உடம்பு மறுபடி தன் வடிவத்துக்கு வரும், அதற்கு நேரம் கொடுத்துவிட்டு அப்புறம் எஞ்சினையும் ஷாப்டையும் இணைக்கிற கப்ளிங்கைப் பிரித்து, இடைவெளி அளக்கிற கேஜ் வைத்துப் பாருங்கள். மரப்படகு என்றால் பலகை தண்ணீர் குடித்து இறுக ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை பம்ப்பும் ஓட வேண்டியிருக்கும், காவலுக்கு ஓர் ஆளும் படகிலேயே படுக்க வேண்டும்.